உப்புத் தண்ணீரும் நியூயார்க் சட்டையும்

காடாம்புலியூரில் எங்கள் வீட்டிற்குப் புதுக் கைலி வந்தால் அதை உடனே எவரும் உடுத்திவிட இயலாது. பாட்டி அதை வாங்கி, ஒரு கைப்பிடிக் கல்லுப்பு கரைத்த பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைப்பார். காலையில் வாளித் தண்ணீர் கருஞ்சிவப்பாக நிற்கும். வேறு துணியோடு சேர்க்காமல் தனியே அலசி, நிழலில் உலர்த்தி, அதன் பிறகுதான் மூட்டக் கொடுப்பார். "சாயம் போகுதே பாட்டி" என்று ஒருமுறை கேட்டேன். "போறது போவட்டும்டா, நிக்கிறதுதான் நம்ம சாயம்" என்றார். அதை ஓர் அறிவு என்று அன்று நான் எண்ணவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அமெரிக்க ஆடை நிறுவனத்தின் கதையைப் படித்தபோது அந்த வாளி நினைவுக்கு வந்தது. புரூக்ஸ் பிரதர்ஸ் 1818இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட நிறுவனம். அடக்கமான நிறங்களில் கனவான்களுக்கு உடை தைத்துப் பெயர் பெற்றது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் வழியாக அந்நிறுவனத்திற்கு மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். அவர் தரப்பில் சொல்லப்பட்டுவந்த கதை இதுதான்: குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தார், ஜேக்கப்சன் அதை நிறுவனத்திடம் சொல்ல மறந்தார், வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள், ஒரு நிறம் மற்றொன்றின் மேல் வழிந்தது. வழக்கு வரை போகவிருந்த விவகாரம், விளம்பரத்தால் தலைகீழானது. துவைக்கத் துவைக்கப் புதிய நிறம் காட்டும் அதிசயத் துணி, சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' 1960களின் அமெரிக்க இளைஞர்களைப் பித்தாக்கியது.

பழம்பெரும் நிறுவனம் ஒன்று வண்ணமயமான புதிய வரிசையை வெளியிடும்போதெல்லாம் 'மரபா, நவீனமா' என்று நம்மிடையே பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. மரபுக்கு உயிர் கொடுத்தார்கள் என்பது மறு கட்சி. மெட்ராஸ் கட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், இந்தக் கட்டம் என்றைக்குத் தூய மரபாக இருந்தது? கடல்கடந்த வாடிக்கையாளரின் விருப்பமறிந்து சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்தது இது. மேற்கு ஆப்பிரிக்காவிற்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்பார்கள். அவர்களுடைய பெண்கள் நம் துணியிலிருந்து சில இழைகளைக் கத்தியால் வெட்டி உருவி, கட்டத்துக்குள் வேறொரு கோலத்தை வரவழைப்பார்கள். 'பெலெட்டே பைட்' என்னும் அத்துணி அவர்களுடைய பிறப்பிலும் இறப்பிலும் இடம்பெறுவது. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் தேசிய உடையிலும் மெட்ராஸ் துணி உண்டு. நம் தறியிலிருந்து போன சரக்கு, அங்கே அவர்களுடைய மரபு. ஆகவே அயலார் கை பட்டதாலேயே மரபு கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் புரூக்ஸ் பிரதர்ஸ் செய்ததில் என்ன குறை என்று நண்பர் ஒருவர் கேட்டார். சந்தை கிடைத்தது, தறிக்கு வேலை கிடைத்தது, போதாதா? நியாயமான கேள்விதான். வேலை கிடைத்ததை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் கலபாரிப் பெண்ணுக்கும் நியூயார்க் கடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவள் அந்தத் துணிக்குப் பெயர் வைத்தாள், பெட்டியில் போற்றி மகளுக்குக் கொடுத்தாள், மீண்டும் கேட்டு வாங்கினாள். அது உறவு. அமெரிக்காவில் நடந்தது ஒரு பருவம். பித்து தணிந்ததும் அடுத்த துணிக்குப் போய்விட்டார்கள். அந்தக் கதையில் இறக்குமதியாளருக்குப் பெயர் உண்டு, வணிகருக்குப் பெயர் உண்டு. நெய்தவருக்கும் சாயம் தோய்த்தவருக்கும் இல்லை. துணியோடு போயிருக்க வேண்டிய ஒரு வரி அறிவு வழியில் தவறியது. இங்கே பாட்டிமார்கள் கட்டணமின்றிச் சொல்லித் தந்திருப்பார்கள்.

மரபுக்கு எதிரி நவீனம் அல்ல. உறவில்லாத பருவம்தான் என்பது என் துணிபு.

இதை நியூயார்க்கைப் பார்த்து மட்டும் சொல்வது நேர்மையாகாது. எங்கள் ஊரிலிருந்து வடலூர் போய்க் கடலூர்ச் சாலையில் திரும்பினால் குறிஞ்சிப்பாடி. கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் இன்று கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ள 11 வகைகளில் லுங்கியும் ஒன்று. எனினும் என் அலமாரியில் இருக்கும் கைலிகள் எந்தத் தறியில் பிறந்தவை என்று எனக்குத் தெரியாது. அவற்றுக்கு உப்புத் தண்ணீர் தேவைப்படுவதில்லை. வாளித் தண்ணீர் நிறம் மாறுவதுமில்லை. வசதிதான், மறுக்கவில்லை. 2018இல் ஸாரா நிறுவனம் கைலியைப் போன்ற பாவாடை ஒன்றை ஏறத்தாழ 70 பவுண்டுக்கு விற்றபோது நாம் எல்லோரும் கேலி செய்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் உடுத்தியிருந்த கைலியை நெய்தவருக்கு நான் யார்? ஆகஸ்ட் 7ஆம் நாள் கைத்தறி தினத்தன்று மட்டும் கைத்தறியை நினைக்கும் நானும் ஒரு பருவ வாடிக்கையாளன்தான்.

2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த காலணிகளைப் பெயர் சொல்லாமல் மேடையேற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவற்றின் இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில், இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டே அவற்றைச் செய்விக்க ஒப்பந்தமும் ஆயிற்று. நல்ல தொடக்கம். அது உறவாகுமா, இன்னொரு பருவமாகக் கழியுமா என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் தெரியும்.

பழம்பெரும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது 'நிறத்தை மாற்றாதே' என்பதல்ல. எந்த நிறத்தை வேண்டுமானாலும் கேளுங்கள். நம் நெசவாளர் நெய்து தருவார். ஊரின் பெயரைச் சொல்லுங்கள். அலசும் முறையையும் துணியோடு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டும் வாருங்கள்.

இதே மூன்றையும் நான் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த கைலியைக் குறிஞ்சிப்பாடியில் வாங்குவதாக இருக்கிறேன். வீட்டில் கல்லுப்பு இருக்கிறது.