கண்ணுள் வைத்ததும் வானிற் செல்வதும்

கடல்கடந்து வாழும் பழைய மாணவருட் கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் பலர். அவர்களை விழாவுக்கு அழைத்தால், "கண்ணுக்குள் வைத்திருக்கிறது, ஆகாயவிமானத்தில் ஏறலாமோ?" என்று சுற்றத்தார் அஞ்சுகின்றனர். இவ்வினாவுக்கு விடை இரண்டு. "வைத்தது" என்னும் ஒரு சொல் இருவேறு பொருள்களை மறைத்து நிற்பதே இம்மயக்கத்துக்குக் காரணம் என்பது எமது துணிபு.

முதலாவது, கண்புரை நீக்கியபின் பொருத்தும் வில்லை. 1949ஆம் ஆண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் றிட்லி என்னும் வைத்தியர் இதனை முதன்முதற் பொருத்தினார். போர்விமானிகளின் கண்ணுட் பாய்ந்த பேர்ஸ்பெக்ஸ் சிதறல்கள் ஊறு செய்யாது கிடந்தமை கண்டே அவர் அப்பொருளைத் தெரிந்தார். விமானத்தினின்று பிறந்த வில்லை விமானத்துக்கு அஞ்சுமோ? அது திண்பொருள், அதனைச் சூழ்ந்திருப்பதும் நீர்மமே. வெளியமுக்கம் குறைந்தாலும் அது விரிவதில்லை. புண் ஆறுதற்கு வைத்தியர் குறித்த நாள்வரை காத்தல் போதும்.

இரண்டாவது, விழித்திரை கழன்றவர்க்கு அதனைத் தாங்குமாறு செலுத்தும் வாயுக்குமிழி. அமுக்கம் குறைய வாயு விரியும் என்னும் போயிலின் விதியை விஞ்ஞான மாணவர் யாவரும் அறிவர். பயணிகள் விமானத்தின் உள்ளமுக்கம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்து அமுக்கம் வரை குறையலாம். அப்போது குமிழி மூன்றிலொரு பங்கு பெருக்க முயலும். விழியோ இடங்கொடாது, உள்ளே அமுக்கம் ஏறிக் குருதியோட்டம் தடைப்பட்டுப் பார்வையே பறிபோகலாம். கொழும்பிலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு மோட்டார் வண்டியில் ஏறுவோர்க்கும் இவ்விடர் உண்டு. வாயுவின் வகைக்கேற்ப, குமிழி கரைய ஒன்றிரண்டு கிழமை முதல் ஏறத்தாழ இரண்டு மாதம் வரை செல்லும். அதுகாறும் பொறுத்தலே அறிவுடைமை.

ஆக, வீணே அஞ்சுவோர் ஒருபுறம். அஞ்சவேண்டியும் அஞ்சாதோர் மறுபுறம். நோயாளர் கையிற் கொடுக்கும் துண்டில் வைத்தது வில்லையா, வாயுவா என்பதைத் தெளிந்த தமிழில் எழுதுதல் வேண்டும். பாமரர்க்கு இவை விளங்கா என்பாரும் உளர். தம் மொழியிற் சொன்னால் விளங்காதார் எவருமிலர் என்பதை வகுப்பறையில் நாம் நாளும் காண்கின்றோம். நோயாளரும், "வைத்தது யாது? கரைந்துவிட்டதா?" என்று வைத்தியரைக் கேட்டறியாது பயணச்சீட்டு வாங்கலாகாது.

இன்று இங்கு விஞ்ஞானம் பயில்வோருட் சிலர் நாளை வைத்தியராவர். தாம் செய்த சிகிச்சையை நோயாளிக்கு அவர் மொழியில் விளங்கவுரைக்கும் ஆற்றலையும் அவர்கள் இப்போதே பயில்வாராக.