இல்லமும் தையலும்: குளியலறைக்கு ஒரு திரை

 

சென்ற திங்கள் பழைய சேலையில் குழந்தைக்கு விரிப்புத் தைக்கும் முறையைக் கண்டோம். இம்முறை குளியலறைத் திரையைப் பற்றி எழுதுகிறேன். "குளியலறைக்குத்தான் கதவு இருக்கிறதே, உள்ளே திரை எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். ஈராண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறு கேட்டவள்தான்.

எங்கள் வீட்டில் ஒரே குளியலறை. நீளம் 8 அடி, அகலம் 5 அடி. கதவைத் திறந்ததும் கை கழுவும் பேசின், அடுத்துக் கழிப்பிடம், கடைசியில் ஷவரும் வாளியும். ஒருநாள் விடியலில் வெளியூர்ப் பேருந்துக்குப் புறப்பட்ட என் மகன் அவசரமாகக் குளித்துவிட்டுச் சென்றான். அவன் குளித்த நீர் கதவு வரை தெறித்துத் தளமெங்கும் கிடந்தது. சற்று நேரத்தில் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் சென்ற என் மாமி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் அவர் பேரனை ஒரு சொல் குறை கூறவில்லை. "தரை ஈரமாக இருந்தது, நான்தான் பார்க்கவில்லை" என்றே சொல்லி வந்தார். தரை ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்னும் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் கடையில் ஆயத்தத் திரை ஒன்று வாங்கினேன். அவை பெரும்பாலும் 72 அங்குலச் சதுரமாகவே வருகின்றன. மேலைநாட்டார் தொட்டிக்குள் நின்று குளிப்பவர்கள். திரையின் அடிப்பகுதி தொட்டிக்குள் தொங்கினால் அவர்களுக்குப் போதும். நம் குளியலறையில் தொட்டி கிடையாது. முக்காலியில் அமர்ந்து செம்பால் மொண்டு ஊற்றும்போது நீர் தெறிப்பதே தரையை ஒட்டித்தான். எங்கள் திரைக்கம்பி 7 அடி உயரத்தில் இருந்ததால், வாங்கிய திரைக்கும் தரைக்கும் இடையே 10 அங்குலம் இடைவெளி விழுந்தது. நீர் அவ்வழியே தாராளமாக வெளியேறிற்று. ஆகவே அளவெடுத்து நாமே தைப்பதுதான் வழி என்று தெளிந்தேன்.

துணியைத் தெரிவு செய்தல்

பருத்தி பார்வைக்கு அழகு. ஆனால் நீரைக் குடித்து மெல்ல உலரும். காற்றோட்டம் குறைந்த குளியலறையில் விரைவிலேயே கரும்புள்ளி பூக்கும். பாலியெஸ்டரும் குடைக்குப் பயன்படும் நைலான் துணியும் விரைந்து உலர்கின்றன. பருத்திதான் வேண்டுமெனில் நெருக்கமாக நெய்த கனத்த துணியாகப் பாருங்கள். நனைந்ததும் நூலிழைகள் உப்பி இடைவெளிகளை அடைப்பதால் அத்தகைய துணி நீரை ஓரளவு தடுக்கும். அதற்கு உட்புறமாகக் குடைத்துணியை இரண்டாவது திரையாகத் தொங்கவிட்டால் கவலையே இல்லை.

எத்துணியாயினும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். சிறு துண்டை உள்ளங்கையில் குழிவாக ஏந்தி அரைக் குவளை நீர் ஊற்றுங்கள். உடனே கொட்டிவிடாமல் மெல்லக் கசியுமாயின் அது போதுமானது. பின்னர் அதே ஈரத் துண்டை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, அப்பால் உங்கள் கையை வையுங்கள். விரல்கள் தெரியுமாயின் அத்துணி வேண்டா. முதியோரை ஒருவர் துணைநின்று குளிப்பாட்டும் வீடுகளில் கதவை முழுதும் சாத்த இயலாது. அங்கே அவர்களின் மறைவுக்கும் மானத்துக்கும் காவல் இத்திரைதான்.

அளவும் வெட்டும்

திரையின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு வரை இருக்கலாம். எங்கள் கம்பி 60 அங்குலம். திரைக்கு 72 அங்குலம் வைத்தேன். உயரத்துக்கு, தரையிலிருந்து கம்பி வரை அளந்து, வளையத்துக்கு 2 அங்குலமும் தரை இடைவெளிக்கு 2 அங்குலமும் கழியுங்கள். 84 அங்குலத்தில் 4 போக 80. திரை தரையில் புரண்டால் அழுக்கேறும். காலில் சிக்கி அதுவே ஆளை வீழ்த்தும்.

இனி மடிப்புகளுக்குச் சேர்க்க வேண்டும். மேலே 3 அங்குலம் வீதம் இருமுறை மடிக்க 6, கீழே 1 அங்குலமும் பின்னர் 3 அங்குலமுமாக மடிக்க 4. ஆக வெட்டும் நீளம் 90 அங்குலம். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்தால் வெட்டும் அகலம் 75. துணியின் பன்னா 44 அங்குலமாயின் இரு துண்டுகளை இணைக்க வேண்டும். நனைத்துச் சுருங்குவதையும் கணக்கிட்டு 5 மீட்டர் வாங்குங்கள். பருத்தியாயின் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்து உலர்த்திவிடுங்கள். துவைக்காமல் தைத்து, முதல் துவைப்பிலேயே திரை ஒரு சாண் குறைந்துபோகக் கண்டோர் உண்டு. இணைத்தபின் மிஞ்சும் அகலத்தில் திரையை ஒதுக்கிக் கட்ட ஒரு நாடா தைத்துக்கொள்ளலாம்.

தைக்கும் முறை

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். ஊசி 14 அல்லது 16 எண். தையலைச் சற்று நீளமாக வையுங்கள். மிகப் பொடியாக அடித்தால் துளைகள் பெருகி நீர் கசியும். அதே காரணத்தால் துணியின் நடுவில் குண்டூசி குத்தாதீர்கள். துணி உலர்த்தும் கிளிப்புகளால் மடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரு துண்டுகளையும், சட்டையின் பக்கங்களில் அடிப்பதுபோல் விளிம்பை உள்ளடக்கி இரட்டைத் தையலாக இணையுங்கள். அடுத்துப் பக்கங்களை அரை அங்குலமும் ஓர் அங்குலமுமாக மடித்துத் தையுங்கள். பின்னர் மேல் மடிப்பு, இறுதியாகக் கீழ் மடிப்பு.

மேல் மடிப்பில் 12 துளைகள் வேண்டும். இரு ஓரங்களிலும் ஒன்றரை அங்குலம் விட்டு முதல் துளையும் கடைசித் துளையும் குறியுங்கள். இடையே ஏறத்தாழ ஆறேகால் அங்குலத்துக்கு ஒன்றாக மற்றவை அமையும். பித்தளை ஐலெட் அடித்துத் தரும் கடைகள் உண்டு; இரும்பு வேண்டா, துருக்கறை படியும். ஐலெட் கிடைக்காவிடில் சட்டைக்குப் போடுவதுபோல் காஜா போட்டுவிடலாம்.

கீழ் மடிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஷவரைத் திறந்ததும் திரை உள்நோக்கி வந்து உடலில் ஒட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் ஆராய்ந்தார். பாயும் நீர்த்துளிகள் காற்றில் ஒரு சுழலை உண்டாக்குகின்றன. அச்சுழலின் நடுவே காற்றழுத்தம் குறைவதால் திரை உள்ளிழுக்கப்படுகிறது என்பது அவர் தந்த விளக்கம். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென அளிக்கப்படும் இக் நோபல் பரிசு 2001ஆம் ஆண்டில் இதற்காக அவருக்குக் கிடைத்தது. நமக்கு வேண்டிய மருந்து எளியது: அடியில் கனம். கீழ் மடிப்பைத் தைக்கும்போதே சாணுக்கு ஒரு சிறு அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு கோலிக்குண்டு வைத்துத் தைத்தேன். கண்ணாடி துருப்பிடிக்காது. திரை நேராக நிற்கிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

குளித்தபின் திரையைச் சுருட்டி ஒதுக்காமல் விரித்தே விடுங்கள். மடிப்புக்குள் தங்கும் ஈரமே பூஞ்சைக்குத் தாய். இரு வாரத்துக்கு ஒருமுறை சோப்பில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். வெள்ளைப் பருத்திக்கு பிளீச்சிங் பவுடர் இடுவோர், அதனுடன் வினிகரையோ கழிப்பிடம் கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்கலாகாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

திரை தடுப்பது தெறிக்கும் நீரை மட்டுமே. தரையில் ஓடும் நீருக்குக் குளிக்கும் பக்கமாகத் தளச்சரிவு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கொத்தனாரை அழைத்து அச்சரிவைத் திருத்திய பின்னரே பேசின் பக்கம் முற்றிலும் உலர்ந்தது.

இன்னொன்று, எல்லாவற்றினும் முக்கியமானது. திரை பிடிமானம் அன்று. தடுமாறும் கை அருகிலிருப்பதைப் பற்றும். திரையைப் பற்றினால் திரையும் கம்பியும் ஆளோடு சேர்ந்து விழும். ஆகவே சுவரில் உறுதியாகத் திருகப்பட்ட கைப்பிடிக் கம்பி ஒன்றைத் தனியே பொருத்துங்கள். முதலில் எனக்கும் அது தோன்றவில்லை. திரை மாட்டிய அன்று அதைத் தொட்டுப் பார்த்த மாமி, "அழகாகத்தான் இருக்கிறது மகளே. ஆனால் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?" என்று கேட்டார். மறுநாளே கைப்பிடி பொருத்தினோம்.

இன்று விடியலில் எங்கள் வீட்டில் யார் முன்னே குளித்தாலும் பேசின் அருகே தரை உலர்ந்தே இருக்கிறது. மாமி தாமே சென்று ஒளுச் செய்துவிட்டு வருகிறார். அவர் காலடியோசை கேட்டு நான் பதறி எழுவதில்லை. அரைநாள் தையலுக்கு இதைவிட வேறென்ன கூலி வேண்டும்?

உங்கள் இல்லத்துக் குளியலறையை இன்றே ஒருமுறை அளந்து பாருங்கள். அடுத்த திங்கள் திரையில் மிஞ்சிய துணியில் துவைக்கும் உடைகளுக்கான பை தைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.