பிஸ்டலும் கெட்டுப்போகும் சார்!

குயிலாப்பாளையத்தில் ஆரோவில் போகிற ரோட்டில் ஒரு ஆர்.எக்ஸ். 100 ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் என்ன நடக்கும்? நாலு பேர் கூடுவார்கள். ஒருத்தர் பிளக்கைக் கழற்றச் சொல்வார். இன்னொருத்தர் கார்புரேட்டரில் தூசி என்பார். மூன்றாமவர் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கை ஆட்டிப் பார்ப்பார். கடைசியில் எப்படியோ வண்டி கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட "ஓட்டுகிறவனுக்கு மன உறுதி போதவில்லை, அதனால்தான் இன்ஜின் நின்றுவிட்டது" என்று சொல்ல மாட்டார். சொன்னால் டீக்கடையில் ஒரு வாரம் ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் துப்பாக்கி என்று வந்துவிட்டால் மட்டும் ஊரே அப்படித்தான் பேசுகிறது.

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 75 நிமிஷத்தில் 60 தடவை சுட வேண்டும். முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் ஃபைனல். 19 வயது மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிஸ்டல் மக்கர் செய்தது. எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றது ஒரு செய்தி, காக்கிங் லீவர் உடைந்தது என்றது இன்னொன்று. எதுவாக இருந்தால் என்ன, கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. கடிகாரம் நிற்கவில்லை. திரும்பி வந்து மிச்சத்தை அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-ஆவது இடம். ஃபைனலுக்கு 577 தேவைப்பட்டது. இரண்டே பாயிண்ட்!

அன்று சாயந்திரமே "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" கோஷ்டி கிளம்பிவிட்டது. சாக்கு சொல்கிறார், பிரஷர் தாங்கவில்லை, விளம்பரத்தில் நடிக்கப் போனால் இப்படித்தான்... இவர்களில் எத்தனை பேர் ஒரு பிஸ்டலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார்கள்? சினிமாவில் பார்த்திருப்பார்கள். அங்கேதான் ஹீரோவின் துப்பாக்கி மழையில் நனைந்தாலும், சேற்றில் விழுந்தாலும், நாற்பது தடவை சுட்டாலும் ஒன்றும் ஆகாதே!

2022 ஜூலையில் திருச்சியில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. அஜித் கலந்துகொண்டார், மெடல்களும் வாங்கினார். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டம் பேப்பரிலேயே வந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் கையில் இருந்த பிஸ்டலின் ட்ரிகர் எத்தனை கிராம் என்று கேட்கத் தோன்றியிருக்கும்? தலயைப் பார்த்தாயிற்று, போதும் :-)

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? மனுவின் ஏர் பிஸ்டலை விடுங்கள், அது மின்சார ட்ரிகர் வைத்த தனி ஜாதி. அவர் சுடுகிற இன்னொரு போட்டியான 25 மீட்டர் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். பாயிண்ட் 22 குண்டு போடும் செமி ஆட்டோமேட்டிக். ட்ரிகரை இழுத்தால் ஒரு கம்பி பின்னால் போய் 'சியர்' என்ற சின்னக் கொக்கியை விலக்கும். அந்தக் கொக்கி பிடித்து வைத்திருக்கும் சுத்தியல் விடுபட்டு ஊசியை அடிக்கும். ஊசி குண்டின் விளிம்பை அடிக்கும். வெடித்த வேகத்தில் மேல்பகுதி பின்னால் போய், காலி உறையை வெளியே தள்ளி, சுத்தியலை மறுபடி மடக்கி, அடுத்த குண்டை எடுத்துக்கொண்டு முன்னால் வரும். இவ்வளவும் நடந்து முடியும்போது விரல் இன்னும் ட்ரிகரை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் ஏன் அடுத்த குண்டும் தானாகப் போய்விடவில்லை? நடுவில் 'டிஸ்கனெக்டர்' என்று ஒரு துண்டு இருக்கிறது. விரல் தளர்ந்து ட்ரிகர் முன்னால் வந்தால்தான் அது கம்பியையும் கொக்கியையும் மறுபடி சேர்த்து வைக்கும்.

கொக்கியின் விளிம்பு தேய்ந்தால் சுத்தியல் நிற்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் ட்ரிகர் திரும்பி வராது. பாயிண்ட் 22 குண்டில் மெழுகும் கரியும் அதிகம், அது சேர்ந்தால் எல்லாமே மந்தமாகும். ஊசி உடையலாம், உறை மாட்டிக்கொள்ளலாம். கார்புரேட்டரில் தூசி அடைவது மாதிரிதான் இதெல்லாம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சாக்கு கோஷ்டிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிப் புத்தகமே இதை ஒத்துக்கொள்கிறது. 25 மீட்டர் போட்டிகளில் பழுது இரண்டு வகை: ஏற்கத்தக்கது, ஏற்கத் தகாதது. ட்ரிகர் இழுத்தும் குண்டு வெடிக்கவில்லை, உறை வெளியே வரவில்லை, ஏதோ ஒரு பாகம் உடைந்துவிட்டது... இவை முதல் வகை, வீரர் மேல் தப்பில்லை. சேஃப்டியை விடுவிக்க மறந்தது, மேகசினைச் சரியாகச் செருகாதது, முந்தின குண்டுக்குப் பிறகு ட்ரிகரைப் போதுமான அளவு தளர்த்தாதது... இவை இரண்டாம் வகை, தப்பு வீரருடையது. பழுது என்றால் பிஸ்டலை இலக்குப் பக்கமே நீட்டியபடி மற்றக் கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்து எந்த வகை என்று முடிவு செய்வார். அதாவது, தப்பு மெஷினுடையதா மனிதருடையதா என்று ஆயுதத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறார். இங்கே ஆயுதத்தைப் பார்க்காமலே தீர்ப்பு!

அடுத்தது கொஞ்சம் விவரமான கோஷ்டி. "மாற்றுப் பிஸ்டல் இருந்ததே, அதை எடுத்திருக்கலாமே?" பிஸ்டல் செய்த கம்பெனித் தரப்பிலேயே இப்படிச் சொன்னார்கள். கேள்வி நியாயமானதுதான், அலசலாம். ஆனால் மாற்றுப் பிஸ்டல் ஸ்டெப்னி டயர் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் ட்ரிகர் எந்த இடத்தில் விடுபடும் என்பது மயிரிழை மாறும். கைப்பிடி மரத்தை உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருப்பார்கள், அது இரண்டிலும் அச்சு அசலாக இருக்காது. பார்வைக் குறி வேறாக நிற்கும். 10 மீட்டர் இலக்கில் பத்துப் பாயிண்ட் வட்டத்தின் விட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர். கடிகாரம் ஓடும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். முடிவு தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தப்பான முடிவு, அவ்வளவுதான். அதற்குப் பெயர் சாக்கு இல்லை.

பார்வைக் குறி என்றதும் சாக்கு கோஷ்டிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தாக வேண்டும். முன்னால் ஒரு சின்னத் தகடு, பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில், சம உயரத்தில் தகடு தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர்தான் இருக்கலாம் என்பது 25 மீட்டர் பிஸ்டல் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டர் தள்ளி சுமார் 11 சென்டிமீட்டர் விலகும். பத்து எடுக்க வேண்டியவர் ஆறு எடுப்பார். அதனால் குண்டு தள்ளிப் போனதும் எல்லாருக்கும் முதலில் கை போவது குறியைத் திருகும் ஸ்க்ரூவுக்குத்தான். பெரும்பாலும் அது வீண் வேலை. வலது கைக்காரரின் குண்டு இடது கீழ்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் குறியைச் சந்தேகப்படுவதற்கு முன் விரலைச் சந்தேகப்பட வேண்டும். ட்ரிகரை நேராகப் பின்னால் அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்தால் அப்படித்தான் போகும். அதே பிஸ்டலைக் கோச் கையில் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொன்னால் தெரிந்துவிடும். மெஷினைத் திட்டுவதற்கும் முறை இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முறை தெரியாதவர்கள் இன்னொரு பக்கம் உண்டு, இவர்கள் இன்னும் ஆபத்து. ட்ரிகர் கனமாக இருக்கிறது என்று சியரின் விளிம்பை அரத்தால் தேய்க்கிறவர்கள். அந்த விளிம்பில் கெட்டியாக்கப்பட்ட தோல் ரொம்ப மெல்லியது. அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு நாலு நாளில் தேயும். அப்புறம் ட்ரிகரைத் தொடாமலே சுத்தியல் விழும். பக்கத்தில் நிற்பவன் கதி? போட்டியிலும் மாட்டுவார்கள். 25 மீட்டர் பிஸ்டலின் ட்ரிகர் 1000 கிராம் எடையைத் தூக்கியாக வேண்டும், ஏர் பிஸ்டல் 500 கிராம். தூக்கவில்லையென்றால் அந்தப் பிஸ்டலோடு உள்ளே போக முடியாது.

கறுப்புச் சாயம் போய் ஓரங்களில் வெள்ளி மாதிரி பளபளக்கிற பிஸ்டலைப் பார்த்து "ஐயோ, பழசு" என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அது சாயமே இல்லை. இரும்பின் மேல் வேண்டுமென்றே பிடிக்க வைத்த ஒரு வகைக் கறுப்புத் துரு! சிவப்புத் துரு வராமல் இருக்க இது கொஞ்சம் உதவும், மிச்ச வேலை எண்ணெயுடையது. உறையில் உரசி அது போனால் குறி தப்பப் போவதில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் ஜாக்கிரதை வேண்டும். உப்புக் காத்து சைக்கிள் ரிம்மை என்ன செய்யும் என்று குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். வியர்வைக் கையோடு தொட்டுவிட்டுத் துடைக்காமல் தோல் உறையில் வைத்தால் அதே கதிதான்.

இப்போது நிஜமான கோபத்துக்கு வருவோம். இதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொள்வது? 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்கிற தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். சட்டம் சரியானது, ரோட்டோரத்தில் ரிப்பேர் கடை வைக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஆனால் லைசென்ஸோடு கற்றுக்கொள்ள வழி? போட்டியில் சுடுகிறவர்கள் விரும்பும் பிஸ்டல்கள் சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வருகின்றன. ஒரு ஸ்பிரிங் போனாலும் அங்கேதான் கையேந்த வேண்டும். திருச்சியில் 1966-இலிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்து ரிட்டையர் ஆனவர்களின் கைக்குத் தெரிந்த விஷயம் எந்த ரைபிள் கிளப்புக்காவது முறையாகப் போய்ச் சேர்கிறதா? பயிற்சியாளருக்குச் சம்பளம், மனநல நிபுணருக்குச் சம்பளம், உணவு நிபுணருக்குச் சம்பளம், எல்லாம் வேண்டியதுதான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற ஆள் மட்டும் எப்போதும் கடைசி. கையில் கிரீஸ் பட்டால் கௌரவம் குறைச்சல் என்று நினைக்கிற ஊர் வேறு எப்படி இருக்கும்?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்துக்காகச் சுட்டிருக்கிறார். அவர் அங்கே வளர்ந்தவர், தப்பில்லை. ஆனால் கடலூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இன்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏர் பிஸ்டல் ஆசை வந்தால், முதல் பழுது வரும் நாளில் அவள் யாரிடம் போவாள்? யூடியூப்தான். அதைப் பார்த்து அவளே கழற்றுவாள். ஒரு சின்ன ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலுக்கடியில் போகும், அதோடு அந்த வருஷம் போச்சு.

2024 ஜூலை 28, பாரிஸ். அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதே மனு பாக்கர், 221.7 பாயிண்ட், வெண்கலம். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொன்று. 25 மீட்டரில் நாலாவது இடம். 2021-இல் சாக்கு என்று எழுதிய அதே கைகள் அன்றைக்கு மனவலிமை, தங்க மகள், சிங்கப்பெண் என்று எழுதித் தள்ளின. மனவலிமை இருந்தது, யார் இல்லை என்றார்கள்? காலையில் அந்த லீவரை யார் சரிபார்த்தார்கள் என்றுதான் ஒருத்தரும் கேட்கவில்லை.