கப்பல் நின்ற பிறகு வந்தவர்கள்

காரியாபட்டியிலிருந்து மல்லாங்கிணறு போகிற வழியில் கடலை நினைவூட்ட ஒன்றுமே இல்லை. சீமைக்கருவேலம், கரிமூட்டம், மழைக்குக் காத்துக் கிடக்கும் கரிசல். ஆனால் மல்லாங்கிணற்றிலும் குல்லூர்சந்தையிலும் உள்ள அகதி முகாம்களில் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

நம் சீமைக்குக் கடல் புதிதில்லை. பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய முன்னோர்கள் மண்டபம் முகாமில் அடைபட்டு, தலைமன்னாரில் இறங்கித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளை இராமேஸ்வரத்தில் கொண்டுவந்து இறக்கியது 'ராமானுஜம்' கப்பல். டிக்கெட், பாஸ்போர்ட், சுங்கச் சோதனை எல்லாம் முறைப்படி. வந்தவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். வேலை, கடன் என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரம் போரானது. 1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு காத்திருந்த தேயிலைத் தோட்டத்து மலையகத்தார் பலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். குண்டுக்குத் தப்பியவர்களுக்கு மீன்பிடிப் படகுதான் கதி. நகையைக் கழற்றிக் கொடுத்து இரவோடு இரவாக ஏறினார்கள். சிலரை மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். குடிக்கத் தண்ணீர்கூட இருக்காது.

இப்படி வந்தவர்களைப் பார்த்துத்தான் சட்டம் பயண ஆவணம் எங்கே என்கிறது. இல்லையென்றால் சட்டவிரோதக் குடியேறி. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. முத்திரை குத்தும் கப்பல்துறையைப் போர் மூடியிருந்தது, ஐயா! இங்கே பிறந்த பிள்ளைக்காவது உண்டா? 1987 ஜூலை முதல் பிறந்து, தாய் தகப்பன் இருவரும் அகதி என்றால் அதற்கும் இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் மாநில அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம்தான். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதுவும் குடியுரிமை ஆகாது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பாஸ்போர்ட் இருப்பவர் போகலாம், வரலாம். முகாமில் நாற்பது வருடமாக இருப்பவர் எதைக் காட்டி ஏறுவார்?

அடுத்த தேர்தலில் நம் வாசலுக்கு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு வாக்கில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.