நுண்ணுயிரியல் பட்டமும் அம்மாவின் சேமலாப நிதியும்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தெடுக்கும் ஒரு தாயும் அவருடைய மகளும் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார்கள். மகளின் கையில் ஒரு தனியார் நிறுவனத்தின் வர்ணப் பத்திரிகை. நுண்ணுயிரியல் பட்டம், 4 வருடம், 16 இலட்சம் ரூபா. பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. ஆனால் இசட் புள்ளி போதாததால் அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தாய்க்கு 50 வயதாகிவிட்டது. "பேரை வெட்டிக்கிட்டு சேமலாப நிதிய எடுத்தா ஆறு இலட்சம் வரும். மிச்சம் பத்த எங்க அண்ணன் பேர்ல பேங்குல எடுக்கலாம். சரியா சார்?" என்று கேட்டார்.

சரியா பிழையா என்று அவசரமாகச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் தோட்டப் பாடசாலைகளில் இருந்து விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரு பிள்ளை போவதே பெரிய காரியம். அதனால் அங்கேயே ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். அதை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி வேறு லயங்களிலும் இருக்கும்.

10 இலட்சத்தை நூற்றுக்கு 14 வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 23,270 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 14 இலட்சத்துக்குக் கிட்ட. அந்தத் தவணை பிள்ளை வேலைக்குப் போனபின் தொடங்குவதல்ல, அடுத்த மாதமே தொடங்கும். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்து 25 நாள் பேர் விழுந்தால் 33,750. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போக 31,050. தவணை கட்டினால் மிஞ்சுவது 7,780. அதில்தான் அரிசி, மா, சங்கச் சந்தா, சின்னவனின் பஸ் காசு எல்லாம். இதுவும் அம்மா பேரை வெட்டாமல் இருந்தால்தான்! வெட்டிவிட்டுக் கைக்காசுக்குப் போனால் நிலைமை வேறு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டம் முடித்த பிள்ளை பால் தொழிற்சாலை, போத்தல் தண்ணீர், மீன் பதனிடும் கம்பனி போன்ற இடங்களில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகலாம். ஆரம்பத்தில் 50,000 கிடைக்கிறது என்று வைப்போம். நிதிக்கழிவு போக 46,000. போர்டிங், சாப்பாடு, போக்குவரத்துக்கு 28,000 போனால் கையில் 18,000. வங்கித் தவணைக்கே அது காணாது. நான்கு வருடப் படிப்பு முடியும்போதும் ஐந்தாம் வருடத் தவணை பாக்கி இருக்கும்.

இன்னொன்றையும் மகளிடம் சொன்னோம். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலை என்று அவர் நினைத்திருந்தார். அரச ஆஸ்பத்திரியில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேண்டுமானால் அதற்கென்ற படிப்பும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவும் வேண்டும். நுண்ணுயிரியல் பட்டம் மட்டும் அந்தக் கதவைத் திறக்காது. பத்திரிகையில் வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளையின் படம்தான் இருந்தது, இந்த விஷயம் இல்லை.

அப்படியானால் படிக்க வேண்டாமா? அப்படிச் சொல்ல நாங்கள் ஆசிரியர்களாக இருக்கத் தேவையில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்குத் தனித் துறையே உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல கிடைத்தால் மாதம் 7,500 ரூபா என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தினார்கள். (அதுவும் போதாது, அது வேறு சண்டை.) ஆனால் உயிரியல் விஞ்ஞானத்துக்குள் போனதும் நுண்ணுயிரியல் கிடைத்துவிடாது. சிறப்புப் பட்டத்துக்கு முதல் வருடங்களின் புள்ளி பார்ப்பார்கள், பாடமும் ஆங்கிலத்தில். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். இந்தப் பிள்ளை எழுதியது ஒரு தடவைதான். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு மாவட்டக் கோட்டாவும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான நூற்றுக்கு 5 ஒதுக்கீடும் இருக்கின்றன.

தனியாரிடம்தான் போவது என்றால், உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லாக் கடனை முதலில் விசாரியுங்கள். அது பட்டியலில் உள்ள பாடநெறிகளுக்கு மட்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்டத் தொடங்க வேண்டும். அதே 10 இலட்சத்தை வட்டியில்லாமல் 7 வருடத்தில் கட்டினால் மாதம் 11,900 தான். மேலே சொன்ன 18,000 இல் அது அடங்கும், அம்மாவுக்கும் ஆறாயிரம் அனுப்பலாம். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

எங்கள் கோபம் வேறிடத்தில். தமிழ்மொழி மூலம் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையின் இசட் புள்ளியை, எல்லாம் உள்ள பாடசாலையின் பிள்ளையோடு வைத்து அளக்கிறார்கள். தவறினால் 16 இலட்சம் கேட்கிறார்கள். வங்கி பிணை கேட்கிறது. தலைமுறை தலைமுறையாக இருக்கும் லயன் காம்பிராவுக்கு உறுதி கிடையாது. விஞ்ஞான ஆசிரியர் நியமனத்தையும் காணி உறுதியையும் சம்பளக் கோரிக்கையோடு ஒரே மனுவில் வைக்கும்படி மாவட்டக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்.

அந்தத் தாய் பேரை வெட்டவில்லை. மகள் இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பாடசாலையில் இரசாயனவியல் வகுப்பு, காசு இல்லை. வேறு தோட்டத்துப் பிள்ளைகளும் வரலாம், கொப்பியும் பழைய வினாத்தாள்களும் கொண்டு வாருங்கள்.