பாய்லர் வெடிப்பதற்கு முன்னால் பேசும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் பேச்சு எப்படியோ நெய்வேலிக்குப் போனது. பக்கத்தில் இருந்த சொந்தக்காரர், "பாய்லர்னா என்னைக்காவது வெடிக்கத்தான் செய்யும் மச்சான், அது நம்ம கையிலயா இருக்கு?" என்றார். விசேஷ வீட்டில் சண்டை வேண்டாமென்று ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். சண்டையை இங்கே போடுகிறேன்.

நம் கையில்தான் இருக்கிறது.

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஆறாவது அலகின் பாய்லரில் வெடித்தது. 8 பேர் தீக்காயம் பட்டார்கள், அவர்களில் சிலர் மருத்துவமனையில் இறந்தார்கள். அதே நிலையத்தில் ஜூலை 1 அன்று ஐந்தாவது அலகு வெடித்தது. 6 பேர் அந்த இடத்திலேயே போனார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. இரண்டுக்கும் இடையில் 55 நாள். இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு கட்டச் சொன்னது. இடி விழுவது விதி என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒரே வளாகத்தில் 55 நாளில் இரண்டு முறை விழுந்தால் அதற்குப் பெயர் விதியா?

அதற்கு முன் 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் உஞ்சாகர். 500 மெகாவாட் அலகு, அந்த வருடம்தான் ஓட ஆரம்பித்தது. பாய்லரின் அடியில் சாம்பல் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டது. அலகை நிறுத்தாமல், ஓட்டிக்கொண்டே அதை எடுக்கப் பார்த்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாம்பல் ஒரு நிமிடத்தில் மலையாகாது. இத்தனை நிலக்கரி உள்ளே போனால் இத்தனை சாம்பல் வெளியே வரவேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

நம் திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, தீ வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள மாட்டார்கள். புகையின் நிறம் மாறுகிறதா, ஒரு பக்கம் மட்டும் வேகமாக வருகிறதா, மேல்மண் உள்வாங்குகிறதா என்று ராத்திரியெல்லாம் சுற்றிச் சுற்றி வருவார்கள். காற்று புகுந்த இடத்தில் உடனே மண் விழும். நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி விலகுகிறது என்பதுதான் அவர்கள் பார்ப்பது. புள்ளியியல் கண்காணிப்பு என்று பெரிய பேர் வைத்திருப்பதும் இதைத்தான்.

பாய்லரில் அது எப்படி என்று சொல்கிறேன். 210 மெகாவாட் அலகு மணிக்குச் சுமார் 700 டன் நீராவி உண்டாக்கும். நீராவி திரும்பத் தண்ணீராகி மறுபடி உள்ளே போகும். வழியில் குறைவதை ஈடுகட்டப் புதுத் தண்ணீர் சேர்ப்பார்கள். கணக்குக்காக, வழக்கமாக மணிக்கு 10 டன், 20 டன் தாண்டினால் மணி அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு குழாயில் ஊசித்துளை விழுகிறது. 11, 11.5, 12, 12 என்று போகிறது. மணி அடிக்காது. துளையிலிருந்து சீறும் நீராவி பக்கத்துக் குழாயை அரம் மாதிரி அறுத்துக்கொண்டிருக்கும். மணி அடிக்கும்போது நாலு குழாய் போயிருக்கும்.

இதே எண்களை ஒரு தாளில் புள்ளி வைத்து, நடுவில் சராசரிக் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக விழும், நாணயம் சுண்டுவது போல. தொடர்ந்து 8 புள்ளி மேலேயே விழத் தற்செயலாக வாய்ப்பு 256இல் ஒன்று. அப்போதே ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டாமா? கூடவே, அந்தப் பக்கத்துப் புகையின் வெப்பம் லேசாக இறங்கும், புகையை இழுக்கும் விசிறி கொஞ்சம் கூடுதல் கரண்ட் எடுக்கும். ஒன்றும் தனியாக எல்லை தாண்டவில்லை. மூன்றும் சேர்ந்து நகர்கிறதே! ஒரு பிள்ளை மத்தியானச் சோற்றை மிச்சம் வைக்கிறான், கையெழுத்து கோணுகிறது, திங்கட்கிழமை லீவு போடுகிறான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவன்தானே வாத்தியார்? பல அளவுகளைச் சேர்த்து எடைபோடும் கணக்கை ஹோட்டலிங் என்பவர் 1931லேயே கொடுத்துவிட்டார்.

(பொறியாளர் மருமகன்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். லோடு ஏறி இறங்கினால் எல்லா அளவும் ஏறி இறங்கும், ஒரு மணிநேர அளவு முந்தையதைச் சார்ந்தும் இருக்கும், வெறும் சராசரி ஏமாற்றும். அந்த லோடுக்கு எவ்வளவு இருக்கவேண்டுமோ அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் பார்க்கவேண்டும். தெரியும்.)

இது புதிதும் இல்லை. இந்தக் கோடு போடும் முறையை ஷூவார்ட் என்ற அமெரிக்கர் 1924இல் கண்டுபிடித்தார். மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் கழகம் அழைத்து 1947-48இல் அவரே நம் நாட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். நம் அருப்புக்கோட்டை மில்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். 120 கஜம் நூலைச் சுற்றி, நிறுத்து, நம்பர் சரியா என்று பார்த்துக் குறிப்பார்கள். நூல் மெலிந்தால் சேலை கெடும். பாய்லர் குழாய் மெலிந்தால் ஆள் சாவான். நூலுக்குக் கொடுத்த மரியாதையை ஆளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"மாமா, இப்ப எல்லாம் ஏஐ வந்துடுச்சு" என்பார்கள். வரட்டும். என்னிடம் எட்டாவது வரை படித்த ஒருவன் ஓர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். எது என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டருக்குத் தானாகப் போகும் அளவுகள் போக, ஆள் நடந்துபோய்ப் பார்த்து எழுதும் அளவுகளும் உண்டு. "அதை முந்தின மணிநேரத்தைப் பார்த்து அப்படியே எழுதிடுவாங்க சார். சாம்பல் பக்கம் சத்தம் மாறுதுன்னு ஒருதடவை சொன்னேன், உன் சோலியப் பாருன்னுட்டாங்க" என்றான். பொய் எண்ணைத் தின்கிற ஏஐ என்ன சொல்லும்? எல்லாம் நலம் என்றுதான் சொல்லும்.

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்றால், அரைகுறைதான். ஒரு வருடம் பள்ளியில் எடை எந்திரம் ரிப்பேர். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும், பிள்ளைகளின் மூன்று மாத எடையை ஒரே சாயங்காலத்தில் நிரப்பினேன், ஆளுக்கு மாதம் கால் கிலோ கூட்டி. அழகான ஏடு, ஆய்வு செய்தவர் பாராட்டினார். அப்புறம் நர்சம்மா வந்து நிஜமாக நிறுத்தபோது ஒரு பையன் நாலு கிலோ இறங்கியிருந்தான். பிரைமரி காம்ப்ளெக்ஸ். பிழைத்துக்கொண்டான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, உன்னிடம் இதுவரை இதைச் சொல்லவில்லை.

பாய்லருக்கு ஆய்வாளர் சான்றிதழ் உண்டே என்கிறார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் அது முழுஆண்டுத் தேர்வு. ஆகஸ்டில் விழுந்த பிள்ளையை ஏப்ரலில் கண்டுபிடித்து என்ன பயன்?

நம் தொப்பலாக்கரை, சேதுபுரம் பக்கம் இப்போது அதே நெய்வேலி நிறுவனம் சூரியத் தகடு பதித்திருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் நிலையம் இருக்கிறது. அவை வெடிக்காது. ஆனால் பொழுது சாய்ந்தபிறகு உங்கள் வீட்டு மின்விசிறிக்கு இன்னும் பெரும்பாலும் பாய்லர்தான்.

ஆகவே மில்லிலும், மின்நிலையத்திலும், ரசாயன ஆலையிலும் சூப்பர்வைசராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு கேள்வி. உங்கள் லாக் ஷீட்டில் ஒரே எண் வரிசையாக வந்தால் நீங்கள் சந்தோஷப்படுகிறீர்களா, சந்தேகப்படுகிறீர்களா? சத்தம் மாறுகிறது என்று ஒப்பந்தக்காரத் தம்பி சொன்னால் அலகை நிறுத்தும் அதிகாரம் அந்த ஷிப்டில் யாருக்காவது இருக்கிறதா, மேலே போன் போட்டுக் காத்திருக்கவேண்டுமா? பதிலை இங்கே எழுதப் பயமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயரை வெளியே சொல்லமாட்டேன்.

அந்தச் சொந்தக்காரரும் இதைப் படிப்பார். மச்சான், ஆவணியில் இன்னொரு கல்யாணம் வருகிறது, பக்கத்து இலையில்தான் உட்காருவேன்.