மான் வேட்டையும் சட்டத்தின் நீதியும்

இலங்கைக் காடுகளில் மானும் மரையும் அருகியமைக்குக் காட்டோரக் கிராமத்தவனின் இடியன் துவக்கே காரணம் என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். மான் இறைச்சியைச் சுவைத்தபடியே இவ்வாறு கூறும் பட்டணத்துப் பெரியோரும் உளர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம்.

வரலாறு கூறுவது என்ன? 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855 இல் தாயகம் திரும்பும்வரை, வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றார். அதனைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். அது பசிக்காக ஆடிய வேட்டையன்று, பொழுதுபோக்கு. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிக்கப்பட்டபோது மரையின் உறைவிடமும் சுருங்கியது.

பின்னர் சட்டம் வந்தது. அதுவும் நடுநிலையில் நிற்கவில்லை. யாலக் காட்டில் விளையாட்டு வேட்டைக்காரருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே சுட்டவன் கனவான். வெளியே சோற்றுக்காகச் சுட்டவன் திருடன்! அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், 1913 இல் வெளியிட்ட நாவலில், வேட்டையாடி வாழும் சிலிந்துவைக் கடனும் சேனை அனுமதியும் தலைமைக்காரனும் நெருக்கி அழிப்பதைக் காட்டவில்லையா?

கிராமத்தவன் மானைக் கொல்வதில்லை என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஒரு வீட்டு அடுப்புக்கு எல்லை உண்டு. சந்தைக்கு எல்லை இல்லை. அமெரிக்காவின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். இறைச்சிக்கும் தோலுக்குமாக நடந்த வணிக வேட்டையால், அங்கு வெண்வால் மான்கள் 1900 அளவில் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்தன. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதை அவ்வாண்டுச் சட்டம் தடுத்தது. வேட்டைப் பருவமும் தொகையும் வரையறுக்கப்பட்டன. இன்று அவை 3 கோடி அளவில் உள்ளன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 இலட்சம் மான்கள் வேட்டையாடப்பட்ட பின்னரும் இனம் குன்றவில்லை. ஓநாய்கள் அழிந்தமையும் கைவிடப்பட்ட வயல்கள் காடானமையும் இதற்குத் துணைநின்றன என்பதை மறைத்தல் ஆகாது.

அதனால் இங்கும் வேட்டையைத் திறந்துவிடலாம் என்பார் சிலர். அது பேதைமை. வெண்வால் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் ஈனும். நம் மரையோ வழக்கமாக ஒரு குட்டியே ஈனும். எனவே ஒரு பெண்மரையின் சாவு இங்கு ஈடுசெய்தற்கரிய இழப்பு. காவல் நிலைத்த ஹோட்டன் சமவெளியில் இன்று மரைகள் மந்தையாய் மேய்கின்றன. காவல் பயன் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே நாம் கோருவது சட்டத் தளர்ச்சியை அன்று, சட்டத்தின் நேர்மையை. கண்ணி வைத்தவனைச் சிறையிலிட்டு, இறைச்சியை விலைகொடுத்து வாங்கியவனை வணங்கி அனுப்பும் நீதி மானையும் காக்காது, மனிதனையும் காக்காது. வாங்குபவனையும் இடைத்தரகனையும் முதலிற் பிடியுங்கள். காட்டோரத்து உழவனுக்கு நிலமும் நீரும், விலங்குகள் அழித்த பயிருக்கு ஈடும் கொடுங்கள். அதன்பின் அவனிடம் காவலைப் பற்றிப் பேசுங்கள்.